பாட்டு எழுதியவருக்கு ஒரு கூலி, பாடியவருக்கு வேறு கூலி

கேள்வி இதுதான்: "கல்லூரி வயதில் இருக்கும் ஒருவர் ப்ளூகிராஸ், கன்ட்ரி பாட்டுகள் எழுதிப் பாடுகிறார். இதையே தொழிலாக எடுத்துக்கொண்டால் அமெரிக்காவில் நடைமுறையில் என்ன செய்ய வேண்டியிருக்கும்? சோற்றுக்கு வழி உண்டா?"

நான் இசைக்காரன் இல்லை. கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரமான டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஒன்பது வருஷம் இருந்தேன், மருத்துவமனை மென்பொருள் வேலை. (அந்த ஊரில் பாட்டு வியாபாரத்தைவிட ஆஸ்பத்திரி வியாபாரம் பெரிது. வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை.) எதிர் வீட்டில் இருந்தவர் பாட்டு எழுதுகிறவர். பகலில் எழுத்து, ராத்திரியில் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. கீழே நான் சொல்லப்போகும் கணக்கு வழக்கில் பாதி அவர் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

வழி உண்டு. ஆனால் மேடையைப் பார்த்து நாம் நினைக்கிற இடத்திலிருந்து பணம் வருவதில்லை.

முதலில் இந்த இரண்டு இசைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம், தொழிலின் போக்கையே அது மாற்றிவிடுகிறது. ப்ளூகிராஸ் என்பது தாத்தா காலத்து நாட்டுப்பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு பழசு இல்லை. கென்டக்கியைச் சேர்ந்த மாண்டலின்காரர் பில் மன்றோ தன் மாநிலத்தின் பட்டப்பெயரைக் குழுவுக்கு வைத்து 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்றார். 1939இல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற நாஷ்வில் வானொலிக் கச்சேரி மேடைக்கு வந்தார். 1945 டிசம்பரில் வட கரோலினாவிலிருந்து நூல் மில்லில் வேலை பார்த்திருந்த 21 வயதுப் பையன் ஒருவன் அந்தக் குழுவில் சேர்ந்தான். பெயர் எர்ல் ஸ்க்ரக்ஸ். மூன்று விரலால் அவன் பான்ஜோ (தோல் போர்த்திய தந்தி வாத்தியம்) வாசித்த வேகத்தில்தான் இன்று நாம் ப்ளூகிராஸ் என்று சொல்லும் ஓசை கூடி வந்தது. குழுவின் பெயரே இசைக்கும் பெயராயிற்று. டிரம்ஸ் கிடையாது. மாண்டலின்காரர் எதிர்த்தட்டில் 'சக், சக்' என்று தந்தியை வெட்டி வெட்டி மீட்டுவார், அதுதான் தாளம். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது முன்னே வந்து வாசித்துக் காட்ட வேண்டும், நம் கச்சேரியில் தனி விடுவதைப் போல. ஆகவே இங்கே வாத்தியம் கைவராத பாட்டெழுத்தாளரை யாரும் சீந்த மாட்டார்கள்.

கன்ட்ரியில் கதை வேறு. கிடாரில் மூன்று கார்டு (ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போடத் தெரிந்தால் போதும், சொல் இருக்க வேண்டும். பல்லவியின் கடைசி வரியில் ஒரு திருப்பம் வேண்டும். மூன்றாவது சரணத்தில் அதே வரி வேறு அர்த்தத்தில் வந்து நிற்க வேண்டும். எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்ற பிரிவினை அங்கே நெடுங்காலமாக நிலைத்த ஏற்பாடு. நம் சினிமாவில் பாடலாசிரியர், பாடகர் என்று பிரிந்திருப்பதைப் போலத்தான், என்ன, மெட்டும் அங்கே எழுதுகிறவர் கணக்கில் சேரும்.

இரண்டிலும் கால் வைத்தவர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் கிறிஸ் ஸ்டேப்பிள்டன். 1978இல் பிறந்தவர், கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கக் குடும்பம். பள்ளியில் முதல் மாணவர். பொறியியல் படிக்க நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். பாட்டு எழுதினால் மாதச் சம்பளம் போலக் காசு கொடுக்கும் ஆட்கள் நாஷ்வில்லில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 2001இல் மறுபடி வந்தார். வந்த சில நாட்களிலேயே ஒரு பாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். இதைக் கேட்டுவிட்டு 'அடேயப்பா, சுலபம்தான் போலிருக்கே' என்று யாரும் மூட்டை கட்ட வேண்டாம். அவர் தன் பெயரில் முதல் ஆல்பம் வெளியிட்டது 2015இல். நடுவே 14 வருஷம்.

அந்த 14 வருஷத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. ஜாஷ் டர்னர், கென்னி செஸ்னி, ஜார்ஜ் ஸ்ட்ரைட், லூக் பிரையன் என்று பெரிய குரல்கள் அவருடைய பாட்டுகளைப் பாடி, பலவும் வானொலிப் பட்டியலில் முதலிடம் போயின. நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை மற்றவர்கள் பதிவு செய்தார்கள். வீட்டு வாடகை அதிலிருந்து வந்தது. ஆசை தீரப் பாடுவதற்கு 'ஸ்டீல்டிரைவர்ஸ்' என்ற ப்ளூகிராஸ் குழு இருந்தது. அதில் ஆல்பம் இரண்டு வந்தபின் 2010இல் விலகினார். அந்தக் குழுவுக்காக அவரும் மாண்டலின்காரர் மைக் ஹெண்டர்சனும் எழுதிய பாட்டு ஒன்றை லண்டனில் அடெல் மேடையேற்றினார். பான்ஜோ வைத்துப் பாடிய பாட்டு ஒரு பாப் நட்சத்திரத்தின் வழியாகக் காசு கொண்டுவந்தது. எழுதியவர்தானே பாட்டுக்கு உடைமைக்காரர், யார் பாடினால் என்ன?

2013இல் தனிப் பாடகராக ஒரு பாட்டு விட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. அதே வருஷம் அப்பா காலமானார். மனைவியோடு ஒரு பழைய ஜீப்பை வாங்கி ஃபீனிக்ஸிலிருந்து நாஷ்வில்வரை ஓட்டி வந்தார். வழியில் எழுதியது 'டிராவலர்', ஆல்பத்துக்கும் அதே பெயர். 2015 நவம்பர் 4 அன்று கன்ட்ரி இசைச் சங்க விருது மேடையில் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு பாடினார். ஒரே இரவில் விருதுகள் மூன்று. விந்தை என்னவென்றால், இன்று உலகம் அவரை அடையாளம் காணும் 'டென்னசி விஸ்கி' அவர் எழுதியது அல்ல. டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும் எழுதியது, அவருக்கு முன்பே 1980களில் இரண்டு பேர் பதிவு செய்தது. ஊருக்கெல்லாம் பாட்டு எழுதிக் கொடுத்தவர் இரவல் பாட்டில் பெயர் வாங்கினார்.

இப்போது காசுக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் சேர்ந்தது ஒன்று, அது எழுதியவருடையது. பதிவு செய்யப்பட்ட ஒலி இன்னொன்று, அது பாடியவருடையது அல்லது அவருடைய ஒலிப்பதிவு நிறுவனத்துடையது. சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குக் காசு போகும், பாடியவருக்குப் போகாது. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று திரும்பப் படிக்க வேண்டாம், அப்படித்தான். கன்ட்ரி உலகில் வானொலி இன்னும் பெரிய தெய்வம் என்பதால், ஒரு பாட்டு நாடு முழுக்க மாதக்கணக்கில் ஓடினால் எழுதியவர் வீடு வாங்கலாம். இந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுப்பவை ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள். இளைஞர் செய்ய வேண்டிய முதல் வேலை இவற்றில் ஒன்றில் பதிந்துகொள்வது.

இசைத்தட்டு விற்றால் எழுதியவருக்கு வருவது வேறு கணக்கு, அங்கே சட்டமே விலை வைத்திருக்கிறது. 1909இல் ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று வைத்தார்கள், 1978 வரை அதை அசைக்கவில்லை. 2025இல் அது 12.7 சென்ட். என் எதிர் வீட்டுக்காரர் ஒரு மாலை பழைய மின்கட்டண உறையின் பின்பக்கம் போட்டுக் காட்டிய கணக்கை அந்த 2025 விகிதத்துக்கு மாற்றித் தருகிறேன். பாட்டு இடம்பெற்ற ஆல்பம் 10,000 பிரதி விற்றது என்று வையுங்கள்: 1,270 டாலர். இரண்டு பேர் சேர்ந்து எழுதியது, ஆளுக்கு 635. ஒப்பந்தப்படி பாட்டு நிறுவனத்துக்குப் பாதி, மிச்சம் 317 டாலர் 50 சென்ட். அதுவும் கைக்கு வராது. ஏற்கெனவே வாங்கித் தின்ற முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள்.

அந்த முன்பணத்தைத்தான் அங்கே 'டிரா' என்பார்கள். 'மியூசிக் ரோ' என்று ஒரு பகுதி, 16, 17ஆம் அவென்யூக்கள். பழைய குடியிருப்பு வீடுகளை அலுவலகமாக மாற்றி உட்கார்ந்திருக்கும் பாட்டு நிறுவனங்கள் நிறைய. பப்ளிஷர் என்று சொன்னாலும் புத்தகம் போடுகிறவர்கள் அல்ல. பாட்டின் உரிமையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, அதைப் பாடகர்களிடம் தள்ளிவிடும் தரகு வேலையைச் செய்வார்கள். எழுதுகிறவருக்கு மாதாமாதம் ஒரு தொகை. வருஷத்துக்கு இத்தனை பாட்டு கொடுக்க வேண்டும் என்று கணக்கு. மாதச் சம்பளம் போலத் தோன்றும், ஆனால் வரப்போகும் வருமானத்தின் மேல் வாங்கிய கடன். பாட்டு எதுவும் போணியாகவில்லை என்றால் பொதுவாகத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தம் முடியும், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்த பாட்டுகள் அவர்களிடமே கிடக்கும்.

பாட்டெழுதிப் பாடும் கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். 1964இல் உயர்நிலைப் பள்ளி முடித்த மறுநாளே நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறியவர். அவர் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். பாடினால் உரிமையில் பாதி வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் கேட்டார். டாலி மறுத்தார், அழுதுகொண்டே மறுத்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடி உலகெங்கும் ஓடியபோது அந்த மறுப்பின் விலை என்னவென்று உலகத்துக்குப் புரிந்தது. எல்லாருக்கும் அப்படிப் பிடிவாதம் பிடிக்கும் வசதி இருப்பதில்லை. வாடகை கட்ட வேண்டிய 22 வயதுக்காரர் 'டிரா' கிடைத்தால் கையெழுத்துப் போடத்தான் செய்வார். நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். உரிமையை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறோம், திரும்பி வருமா என்பதை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடட்டும்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? காலை பத்து, பத்தரை மணிக்கு ஓர் அறையில் இரண்டு மூன்று பேர் கூடுவார்கள். சில சமயம் முன்பின் பார்த்திராதவர்கள். காபி, அரைமணி நேரம் ஊர்க்கதை. அந்த ஊர்க்கதையில்தான் பாட்டு இருக்கிறது என்பார் என் எதிர் வீட்டுக்காரர். யாராவது தன் மாமியாரைப் பற்றியோ விற்றுப்போன நிலத்தைப் பற்றியோ பேச்சுவாக்கில் ஒரு வரி சொல்வார், இன்னொருவர் கைபேசியை எடுத்துக் குறித்துக்கொள்வார். மதியத்துக்குள் பாட்டு முடிந்துவிடும், அல்லது முடியவே முடியாது. பிறகு மாதிரிப் பதிவு. ஸ்டுடியோவில் மூன்று மணி நேரத்தில் நான்கைந்து பாட்டை ஊதித் தள்ளிவிடுவார்கள். கலைஞர்களிடம் எழுதி நீட்டும் தாளில் ஸ்வரக் குறிப்பு இருக்காது. 1 4 5 1 என்று எண்கள் மட்டும் இருக்கும். பாடகரின் சுருதி எதுவோ அதுதான் 1. ஸ எங்கே வைத்தாலும் மற்றது தானாக அமைகிறதல்லவா, அதே கணக்கு. எண்ணைச் சுற்றி வைரம் போல ஒரு கட்டம் போட்டிருந்தால் அந்தக் கார்டை ஒருமுறை அடித்துவிட்டு அப்படியே ஒலித்து அடங்க விட வேண்டும். இதை முதன்முதலில் பார்த்தபோது, கர்நாடக சங்கீதம் அரைகுறையாகக் கற்ற எனக்கு ஏதோ சொந்தக்காரரை வெளியூரில் பார்த்தது போல இருந்தது.

பாட்டைக் காட்டும் இடங்கள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, ப்ளூபேர்ட் கஃபே. 1982இல் திறந்தது, சாலையோரக் கடைவரிசை ஒன்றில் சின்ன முகப்பு, உள்ளே தொண்ணூறு இருக்கைதான். மேடை ஒதுக்கிவிட்டு, நான்கு எழுத்தாளர்கள் மேசைகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். பேசினால் பக்கத்து மேசையிலிருந்து 'ஷ்' என்று அதட்டு வரும். உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலைக்காரர் ஒரு பாட்டை ஆரம்பிப்பார், 'அட, இது ரேடியோவில் வருமே, இவரா எழுதினது' என்று அறை முழுக்க ஒரு முனகல் ஓடும். திங்கட்கிழமைகளில் புதியவர்கள் பெயர் கொடுத்துப் பாடலாம். டெய்லர் ஸ்விஃப்டை அவருடைய முதல் நிறுவனக்காரர் கண்டுகொண்ட இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் இப்போது கூட்டம் அதிகம்.

இன்னொன்று ஸ்டேஷன் இன், ப்ளூகிராஸ்காரர்களின் கோயில். 1974இல் தொடங்கியது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட, நான் இருந்தபோது நடுவில் குட்டையான கல் கட்டடம் ஒன்று மட்டும் அடம்பிடித்து நின்றது. ஞாயிறு இரவு யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு வந்து வட்டத்தில் சேரலாம். அங்கே எழுதாத சட்டங்கள் உண்டு. பாடுகிறவர்தான் சுருதி சொல்வார். சரணம் முடிந்ததும் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவர் வாசிக்க வேண்டும். இன்னொருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் ஓசையைத் தணிக்க வேண்டும். பாட்டு முடியப் போகிறது என்றால் பாடுகிறவர் ஒரு காலைத் தூக்குவார். ஒருநாள் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் தலையசைப்பு வந்தும் கவனிக்காமல் பான்ஜோவையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த கிழவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் ஃபிடில் வில்லால் அவன் முழங்காலை மெல்லத் தட்டினார். பையன் நிமிர்ந்து நாலு வரி வாசித்தான். நன்றாகவே வாசித்தான். அடுத்த வாரமும் வந்தான், அந்தக் கிழவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டான். பிற்பாடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் குழுவின் வண்டியில் இடம் காலியானால் கூப்பிடுவது இப்படிப்பட்ட கிழவர்கள்தான்.

இந்த ப்ளூகிராஸ் பாதையில் போனவர் மாலி டட்டில். 1993இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், ப்ளூகிராஸ்காரர்களின் மலைநாட்டு வாசமே இல்லாத ஊர். அப்பா ப்ளூகிராஸ் வாத்தியார். எட்டு வயதில் கிடார், 13 வயதில் அப்பாவோடு ஓர் ஆல்பம், பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி, 2015இல் நாஷ்வில். 2017இல் வந்த சிறிய ஆல்பத்துக்கு ரசிகர்களிடமே இணையத்தில் காசு திரட்டினார். அதே வருஷம் சர்வதேச ப்ளூகிராஸ் சங்கத்தின் சிறந்த கிடார் கலைஞர் விருது. அதை வாங்கிய முதல் பெண் அவர்தான், அடுத்த வருஷமும் அவருக்கே கொடுத்தார்கள். 2022இல் வந்த 'குரூக்கட் ட்ரீ' (வளைந்த மரம்) ஆல்பம் கிராமி வாங்கியது, அடுத்த ஆல்பமும் வாங்கியது. மூன்று வயதில் முடி முழுதும் கொட்டிப்போன நோய் அவருக்கு. வளைந்த மரத்தை ஆலைக்காரன் வெட்ட மாட்டான் என்று அதே பெயர்ப் பாட்டில் வருவதைக் கேட்கும்போது யாருடைய பாட்டு அது என்று புரியும். இவரும் சேர்ந்து எழுதுகிறவர்தான். ஆனால் ஸ்டேப்பிள்டனைப் போல அறைக்குள் உட்கார்ந்து பிறருக்கு எழுதி வளரவில்லை. விரலைக் காட்டி மேடையைப் பிடித்து, பிறகு பாட்டைக் காட்டினார்.

ப்ளூகிராஸ் மட்டும் போதும் என்கிறவருக்குக் காசு எங்கிருந்து வரும்? வானொலியை நம்ப முடியாது. கோடை முழுக்க விழாக்கள், வேன் ஓட்டம், கச்சேரி முடிந்ததும் மேசை போட்டுச் சட்டையும் இசைத்தட்டும் விற்பது, பிறகு பாடம் சொல்லிக் கொடுப்பது. பெரிய பெயர்கள்கூட வாத்திய முகாம்களில் வகுப்பு எடுக்கிறார்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. வட கரோலினாவில் மெர்ல்ஃபெஸ்ட் விழாவோடு ஒரு பாட்டெழுத்துப் போட்டி நடக்கிறது. ப்ளூகிராஸுக்கும் கன்ட்ரிக்கும் தனித்தனிப் பிரிவு. 1993இல் அங்கே ஜெயித்தவர்களில் ஒருவர், பின்னாளில் பாடகியாகப் பெயர் வாங்கிய கில்லியன் வெல்ச். போட்டியில் பரிசு வராவிட்டாலும், கூடாரத்துக்கு வெளியே நின்று வாசிக்கும்போது கிடைக்கும் பழக்கம் வீண்போகாது.

படிப்பை விடலாமா என்பதற்கு என் பதில்: விட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். ஜான்சன் சிட்டியில் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் 1982 முதல் ப்ளூகிராஸ் பாடம் நடத்துகிறது, இப்போது அதில் பட்டமே வாங்கலாம். கென்னி செஸ்னி அந்தக் கல்லூரிக் குழுவில் வாசித்தவர். அந்தப் பட்டத்தைக் காட்டி வேலை கிடைக்காது. ஆனால் கூடப் படிக்கிறவர்களிலிருந்து குழு அமையும். அது இல்லாவிட்டால் பிழைக்க ஒரு கைத்தொழில் வேண்டும். 'தி கேம்ப்ளர்' என்ற புகழ்பெற்ற கன்ட்ரி பாட்டை எழுதியபோது டான் ஷ்லிட்ஸுக்கு வயது 23, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ராத்திரி ஷிஃப்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பாட்டு கென்னி ராஜர்ஸ் குரலுக்குப் போய்ச் சேர இரண்டு வருஷம் பிடித்தது. நம் ஐடி மக்கள் ஆறுதல் அடையலாம்.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். உன் வரிகளுக்கு மெட்டுப் போட்டுப் பெரிய பாடகரிடம் கொண்டுசேர்க்கிறோம், முன்பணம் கட்டு என்று யார் கேட்டாலும் திரும்பி நடக்கட்டும். நூறு வருஷமாக நடக்கும் ஏமாற்று அது. உண்மையான பாட்டு நிறுவனம் எழுதுகிறவருக்குக் காசு கொடுக்கும், அவரிடம் கேட்காது. நாஷ்வில்லின் பிராட்வே தெரு பார்களில் காலை பத்து மணியிலிருந்து பின்னிரவுவரை நான்கு நான்கு மணி நேர முறையில் பாடுகிறார்களே, அது கை பழக நல்ல இடம், வாளியில் விழும் டிப்ஸும் வரும். ஆனால் அங்கே குடிக்க வந்தவர்கள் கேட்பது தெரிந்த பாட்டு. சொந்தப் பாட்டு வளர அது இடமில்லை. இரண்டு வருஷத்துக்குமேல் அங்கேயே கிடந்தால் அடுத்தவர் பாட்டுதான் வாயில் வரும் என்பார் எதிர் வீட்டுக்காரர், அனுபவத்தில் சொன்னாரோ என்னவோ.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் சண்டை எல்லாம் இதில்தான் வருகிறது. சேர்ந்து எழுதி முடித்ததும், அறையை விட்டு எழுமுன், பாட்டின் பெயர், தேதி, இருந்தவர்களின் முழுப்பெயர், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். நாஷ்வில் வழக்கம் சமபங்கு. ஒருவர் முழுப் பல்லவியும் கொடுத்திருப்பார், இன்னொருவர் ஒரு சொல் மாற்றியிருப்பார், இருந்தாலும் சமம். நான் எதிர் வீட்டுக்காரரிடம் இது அநியாயம் இல்லையா என்று கேட்டேன். அந்த ஒரு சொல் இல்லாமல் பாட்டு ஒப்பேறியிருக்காது, நாளைக்கு நான் ஒரு சொல் மட்டும் கொடுக்கும் நாளாக இருக்கலாம் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிடங்குக்குக் கிளம்பினார்.